மிஸ் அமிர்தம் வந்துவிட்டுப் போனார்

கெப்பாலா பத்தாஸில் சுப்பையா அண்ணன் வீட்டுக்குள் நான் நுழைந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் வயல். அறுவடை முடிந்த தாளின் வாசனை கூடம் வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

அவர் எங்கள் நூலகத்தின் நடமாடும் வண்டியை ஓட்டி ஓய்வுபெற்றவர். கண் பார்வை குறைந்துவிட்டது. அவர் மனைவி ஒரு குவளை மைலோவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் பையிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து மேசையில் வைத்தேன். அது மேசையில் பட்ட சத்தம் கேட்டதும் அவர் முகத்தைச் சுளித்தார்.

“மறுபடியுமா?”

“மறுபடியும்னா என்னண்ணே? நான் இன்னிக்குத்தானே வர்றேன்.”

“போன வாரம் ஒங்க ஆபீஸ் அம்மா வந்து எல்லாத்தையும் கேட்டுட்டுப் போனாங்களேம்மா. ஒரே கதைய எத்தன வாட்டிலா சொல்றது?”

எங்கள் அலுவலகத்தில் இந்த வேலைக்கு என்னைத் தவிர ஆள் கிடையாது. வேறு யாராவது பத்திரிகையிலிருந்து வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

“எப்படி இருந்தாங்க அந்த அம்மா?”

“எனக்கு எங்கேம்மா முகம் தெரியுது? சேலை கட்டியிருந்தாங்க, சந்தனக் கலரு. வயசானவங்க. மெஷின ஒன்ன மாதிரி டக்குனு வைக்கல. கைக்குட்டைய விரிச்சு, அது மேல வெச்சாங்க.”

“மொதல்ல என்ன கேட்டாங்க?”

“மொத மொதல்ல லைப்ரரிக்குள்ள கால வெச்சப்ப என்னா வாசன அடிச்சிச்சுன்னு.”

மைலோவை எடுக்கப்போன என் கை அப்படியே நின்றது.

அந்தக் கேள்வியை நான் அறிவேன். அந்தக் கைக்குட்டையைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டும் மிஸ் அமிர்தத்துக்குச் சொந்தமானவை. அவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

நூலகத்துக்கு என்ன வரலாறு?

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். இன்று புதிதாகப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக ஒரு வார்த்தை.

நான் ஒரு பெரிய நூலகத்தில் நிறுவன வரலாற்றாளர். தலைமையகம் தலைநகரில். எனக்கு இருக்கை ஜார்ஜ் டவுன் கிளையில். நூலகத்தின் பெயரை எழுதுவதில்லை என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் என் மாமியார் கேட்டார்: “லைப்ரரியில புக்கு இருக்கு, சரி. லைப்ரரியப் பத்தி என்னா புக்கு?”

கட்டடம் எப்போது எழும்பியது, யார் யார் வேலை செய்தார்கள், வெள்ளம் வந்த ஆண்டில் புத்தகங்களை எப்படி மாடிக்கு ஏற்றினார்கள், இப்படியெல்லாம் சேகரித்து எழுதிவைப்பதுதான் என் வேலை. காகிதங்கள் பாதிதான் சொல்லும். மீதியை ஓய்வுபெற்றவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பதிய வேண்டும்.

அப்படிப் போய்க் கேட்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் மிஸ் அமிர்தம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எல்லாருக்கும் கடைசி வரை மிஸ் அமிர்தம்தான். நான் சேர்வதற்கு வெகு நாள் முன்பே ஓய்வுபெற்றுவிட்டார். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஊழியர் படங்களிலும் அவர் கிடையாது, எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொள்வாராம்.

ஆனால் குரல் தெரியும். அவர் பதிந்த ஒலிநாடாக்கள் ஓர் அறை முழுக்க இருந்தன. அவற்றைக் கணினிக்கு மாற்றுவதுதான் எனக்குத் தரப்பட்ட முதல் வேலை. குளிரூட்டி சதா முனகும் அந்த அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். பேசியவர்களில் பலர் அப்போதே உயிரோடு இல்லை.

மிஸ் அமிர்தம் அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். எதிரே இருப்பவர் யோசிக்கும்போது நாடாவில் வெறும் இரைச்சல் ஓடும். அந்த இரைச்சலுக்குள் அவர் மூச்சு விடுவது கேட்கும். பிறகு மெதுவாக ஒரு “ம்.”

கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த “ம்” ஒட்டிக்கொண்டது. ஒருமுறை என் பதிவு ஒன்றைக் கேட்ட பழைய ஊழியர் ஒருவர், இது மிஸ் அமிர்தம் எடுத்ததுதானே என்று கேட்டார். அன்று அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் ஓய்வுபெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மிஸ் அமிர்தம் மரணம். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள், ரோஜாப்பூ, எரியும் மெழுகுவத்தி. நானும் கைகளைக் கூப்பினேன். பணி நிமித்தம் தலைநகரில் இருந்ததால் அவர் வீட்டுக்குப் போக முடியவில்லை.

குரைக்காத நாய்

சுப்பையா அண்ணன் வாட்ஸ்அப்பில் இல்லை. பழைய பொத்தான் போன்தான். அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

“அவங்க பேரு சொன்னாங்களாண்ணே?”

“சொல்லல. நானும் கேக்கல. லைப்ரரியிலேருந்து வர்றேன்னாங்க, உக்காருங்கன்னேன்.”

“எப்படிப் போனாங்க?”

அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். “நடந்துதான். காடி வந்த சத்தமும் இல்ல, போன சத்தமும் இல்ல. இன்னொண்ணு சொல்றேன் பாரு. நம்ம நாய் தபால்காரன விடாது, காஸ்காரன விடாது. அந்தம்மாவுக்கு வாயே தொறக்கல. வால ஆட்டிக்கிட்டே பின்னாடி போயிருச்சு.”

நான் வந்தபோது அந்த நாய் என்னைச் சங்கிலி அறுந்துவிடும் போலக் குரைத்தது நினைவுக்கு வந்தது. அன்று பேட்டி எடுக்கவில்லை. மைலோவை மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில், பாலத்தின் நடுவில், காருக்குள் யாரோ “ம்” என்றது போல இருந்தது. வானொலியை உடனே போட்டேன். அது என் குரலாகவே இருந்திருக்கலாம்.

ஒரு கிளாஸ் தண்ணீர்

அடுத்து காதர் மாமா. எங்கள் நூலகத்தில் புத்தகம் கட்டும் பிரிவில் இருந்தவர். மகன் சூலியா தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மாடியில் வீடு. பகல் முழுக்கக் கடைவாசல் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருப்பார். போவோர் வருவோர் எல்லாருக்கும் சலாம்.

அன்று என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். நடுப்பகல். தெருவில் சுற்றுப்பயணிகள் சுவர் ஓவியத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒத்தையிலயா வந்தே பிள்ளே?”

“ஆமா மாமா.”

“பின்னாடி யாரும் வரலியே?”

நான் திரும்பிப் பார்த்தேன். அப்படிக் கேட்டால் யார்தான் திரும்பமாட்டார்கள்?

அவர் என்னைக் கடைக்குள்ளே அழைத்து, சட்டகங்கள் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். குரலைத் தணித்தார்.

“அந்தப் பைய மூடி வை. மெஷின வெளிய எடுக்காதே. என்கிட்ட கேட்டாச்சு.”

“யாரு மாமா கேட்டது?”

“பேரு வேணாம். நீயும் கைகூப்பி அனுப்புனே, நானும் இன்னாலில்லாஹி போட்டேன். அவங்கதான்.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்கறதா? இதோ, நீ உக்காந்திருக்கியே, இதே நாற்காலி. போன மாசம் அசர் தொழுதுட்டு வந்து பாக்கறேன், உக்காந்திருக்காங்க. ‘காதர், நல்லா இருக்கீங்களா?’ன்னாங்க. மவுத்தானவங்ககிட்ட என்னன்னு பதில் சொல்றது? தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டேன்.”

“அப்புறம்?”

“குடிச்சாங்க பிள்ளே. முழு கிளாஸும். அதுலதான் எனக்கு உசுரே போச்சு.”

கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பசையும் நூலும் பிடித்துப் பிடித்து வளைந்துபோன விரல்கள்.

“மகன் கடையில இல்லியா?”

“லென்ஸ் எடுக்கப் போயிருந்தான். நான் மட்டுந்தான். மெஷின கைக்குட்டை மேல வெச்சாங்க. லைட்டே எரியல அதுல. எரியாத மெஷின வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் கேள்வி. நான் எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். சொல்லாட்டி என்னா செய்வாங்களோ.”

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உண்மையில் உலுக்கியது.

“மேரி வீட்டுக்கும் போயிருக்காங்க. செபராங் ஜெயாவுல. அவங்க போன அந்த வாரத்துலயே மேரி போயிருச்சு.”

மேரி அக்கா தட்டச்சுப் பிரிவில் இருந்தவர். நீண்ட நாள் நோயாளி என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கடைக்குள், நூற்றுக்கணக்கான மூக்குக்கண்ணாடிகள் எங்களையே பார்த்துக்கொண்டிருக்க, அந்த நியாயம் எனக்கு எடுபடவில்லை.

வராதீங்கம்மா

அந்த வாரம் நான் யாரையெல்லாம் தொலைபேசியில் அழைத்தேனோ, ஒவ்வொருவரும் ஒரு சாக்குச் சொன்னார்கள். ஒருவருக்குத் தலைசுற்றல். ஒருவர் மகள் வீட்டுக்குப் போகிறார். ஓர் அம்மா மட்டும் நேராகவே சொன்னார்: “வராதீங்கம்மா. லைப்ரரியிலேருந்து யாருமே வர வேணாம். நாங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறோம்.”

நூலகத்தின் ஆண்டு விழாவுக்கு வரலாற்று நூல் வந்தாக வேண்டும். தலைமையகத்திலிருந்து வாரம் இருமுறை நினைவூட்டினார்கள். பேய் வந்து எனக்கு முன்னால் பேட்டி எடுத்துவிட்டுப் போகிறது என்று எந்த மேலதிகாரிக்கு எழுதுவது?

நான் மறுபடி ஒலிநாடா அறைக்குப் போனேன். பழைய பதிவு ஒன்றைப் போட்டேன். மிஸ் அமிர்தம் கேட்டார், காத்திருந்தார், “ம்” என்றார். முன்பெல்லாம் அந்தக் குரல் எதிரே இருப்பவரிடம் பேசும். அன்று அது என் பதிலுக்காகக் காத்திருப்பது போல இருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். கழற்றிய பிறகும், மேசையில் கிடந்த அதிலிருந்து பூச்சி போல அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பட்டியலிடும் பிரிவில் இருந்த சின்னப்பன் ஐயா ஒருவர்தான் மீதி. தாசேக் கெலுகோரில் மகளோடு இருந்தார். அழைத்தேன். மகள்தான் எடுத்தார்.

“அதான் வியாழக்கிழமை காலையில வர்றேன்னு சொல்லிட்டீங்களே அக்கா.”

“நானா?”

“லைப்ரரியிலேருந்து ஒரு ஆண்ட்டி போன் பண்ணாங்க. நீங்க இல்லியா?”

பேய்க்குப் போன் எதற்கு என்ற கேள்வி அப்போதுதான் முதல்முறையாக எனக்குத் தோன்றியது.

தாசேக் கெலுகோர்

வியாழக்கிழமை நான் முன்கூட்டியே போய்ச் சின்னப்பன் ஐயாவின் கூடத்தில் உட்கார்ந்துகொண்டேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. எதிரே செம்பனைத் தோட்டம், மட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஐயா நாற்காலியில் சாய்ந்திருந்தார். காது மந்தம், ஆனால் நினைவு கூர்மை என்று மகள் சொல்லியிருந்தார்.

வாசலில் குரல் கேட்டது.

“சின்னப்பன் வீடு இதுதானா?”

எத்தனையோ மாதங்கள் என் காதுக்குள் இருந்த குரல், இப்போது காற்றில் வந்தது. நாடாவின் இரைச்சல் இல்லாமல்.

ஒல்லியான, நிமிர்ந்த ஒரு முதிய பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சந்தன நிறச் சேலை. ஓரத்தில் ஈரம். அவருக்குப் பின்னால் தரையில் நிழல் விழுந்தது. அதைப் பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் பார்த்தேன்.

என்னை வீட்டு ஆள் என்று நினைத்து ஒரு தலையசைப்பு. ஐயாவுக்கு எதிரே உட்கார்ந்தார், கைக்குட்டையை விரித்தார், கருவியை வைத்தார். விளக்கு எரியவில்லை.

நான் குறுக்கிடவில்லை.

சின்னப்பன் ஐயா மழை போலப் பேசினார். மின்தூக்கி இயக்கியவர், பத்திரிகை அறையில் குட்டி போட்ட பூனை, கத்திக்கொண்டே இருந்த தலைமை நூலகர், பிரியாணி கொண்டுவரும் தோட்டக்காரர், எல்லாரும் வந்தார்கள். மிஸ் அமிர்தம் காத்திருந்தார். “ம்” என்றார். மறுபடி காத்திருந்தார். எதையோ எதிர்பார்த்து அவர் முன்னால் சாய்வதும், அது வராமல் பின்னால் போவதும் எனக்குத் தெரிந்தது.

கடைசியில் கேட்டார்: “வேற யாராச்சும் ஞாபகத்துல இருக்காங்களா?”

“எல்லாரையும் சொல்லிட்டேனே,” என்றார் ஐயா திருப்தியாக. பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஆமா, நீங்க யாரும்மா? புதுசா சேந்தீங்களா?”

மிஸ் அமிர்தம் கைக்குட்டையை நான்காக மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தார்.

செத்துப்போன சங்கதி

முற்றத்தில் அவரைப் பிடித்தேன்.

“மிஸ் அமிர்தம்.”

நின்றார். “நாம பார்த்ததில்லையே?”

“உங்க குரல் தெரியும். உங்க நாடா எல்லாத்தையும் நான் கேட்டிருக்கேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அப்போதுதான் அவர் என்னைச் சரியாகப் பார்த்தார். “அப்ப நீங்கதான் மாலதி. என் நாற்காலியில இருக்கறவங்க.”

“நீங்க இறந்துட்டதா...” என்று இழுத்தேன்.

“இறந்தது என் அக்கா,” என்றார். “அக்காவும் நானும் ஒரே வீட்டுல இருந்தோம். என் அக்கா மகள் சாந்தி யாருக்கோ ‘மிஸ் அமிர்தம் வீட்டில் மரணம்’னு அனுப்பினா. அடுத்த ஆள் அனுப்பும்போது ‘வீட்டில்’ காணாமப் போச்சு.”

“உடனே சொல்லியிருக்கலாமே மிஸ்?”

“சொல்லத்தான் போனேன். குழுவுல என் பேருக்குச் சாந்தி நம்பரத்தான் குடுத்திருந்தேன், அவ போனை வாங்கி அந்தக் குழுவப் பார்த்தேன். மேலேருந்து கீழ வரைக்கும் படிச்சேன்.” சற்று நிறுத்தினார். நாடாவில் நிறுத்துவது போலவே. “கை, பூ, மெழுகுவத்தி. அவ்வளவுதான். ஒருத்தர்கூட ஒரு வரி எழுதல. ‘மிஸ் அமிர்தம் இப்படி இருந்தாங்க, இதச் செஞ்சாங்க’ன்னு ஒண்ணுமே இல்ல. நான் அவங்க ஒவ்வொருத்தரோட வாழ்க்கையையும் உக்காந்து கேட்டவ, மாலதி.”

நான் அனுப்பிய கூப்பிய கைகளும் அதில் இருந்தன.

“என்னப் பத்தி என்ன ஞாபகம் இருக்குன்னு நேரா எப்படிக் கேக்கறது? கூச்சமா இருந்துச்சு. பழைய கேள்வியத்தான் கேட்டேன். யாராச்சும் தானா என் பேர எடுப்பாங்களான்னு பார்த்தேன். பதிவு பண்ண வேண்டியதில்ல. அதனால பேட்டரி போடல.”

“காதர் மாமா பயந்து போயிருக்காரு.”

அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. “தெரியும். நான் செத்துட்டேன்னு அவங்கதானே சொன்னாங்க? நான் மறுக்கல. சுப்பையாவுக்குக் கண்ணு தெரியல. நாய்க்கு மட்டும் ரெண்டு பிஸ்கட் போட்டேன், அது என்னை நல்லா ஞாபகம் வெச்சிருக்கும்.”

“மேரி அக்கா?”

சிரிப்பு போய்விட்டது. செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“படுக்கையில இருந்தா. நான் போனதும் கண்ணத் திறந்து பார்த்து, ‘வந்துட்டீங்களா மிஸ்? என்னைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க?’ன்னா. அவ முகத்துல அப்படி ஒரு நிம்மதி. நான் உயிரோட இருக்கேன்டின்னு சொல்ல வாய் வரல. கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ‘அன்னிக்குக் கரண்ட் போனப்ப நிலவறையிலேருந்து எங்களக் கூட்டிட்டு வந்தீங்களே, அதே மாதிரிதானே?’ன்னு கேட்டா. ஆமான்னேன்.”

எங்கள் கிளையின் நிலவறைப் புத்தகக் கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. ஒருநாள் மின்சாரம் போய், ஊழியர்கள் அடுக்குகளுக்கு நடுவே திசை தெரியாமல் மாட்டிக்கொண்டார்களாம். மிஸ் அமிர்தம் படிக்கட்டின் அடியில் நின்று, வாய்க்கு வந்ததை எல்லாம் சத்தமாகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்திருக்கிறார்கள்.

“இத்தன பேருல அவ ஒருத்திதான் சொன்னா,” என்றார். “அவளும் மூணாம் நாள் போயிட்டா. நான் கூட்டிட்டுப் போயிட்டேனோன்னு சில சமயம் தோணுது.”

அந்த முற்றத்தில் பகல் வெளிச்சத்தில், உயிரோடிருக்கும் ஒருவருக்கு எதிரே நிற்கிறேன் என்று தெரிந்தும், உடம்பு சிலிர்த்தபடியே இருந்தது.

மறைந்த

அவரை ஜெலுத்தோங்கில் அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியில் கேட்டேன்: “மிஸ், உங்களை நான் பேட்டி எடுக்கட்டுமா?”

“வேண்டாம். எனக்குக் கேக்கத்தான் தெரியும். சொல்லத் தெரியாது.”

“குழுவுல நீங்க உயிரோட இருக்கீங்கன்னு போடறேன்.”

“போடாதீங்க. ‘அப்படியா, நல்லது’ன்னு ஒரு கட்டைவிரல் காட்டுவாங்க. அது இன்னும் மோசம். நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது, மாலதி. வாக்குக் குடுங்க.”

கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை. நான் சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் கருவியை எடுத்துப்போனேன், ஒவ்வொரு முறையும் அது பையிலேயே இருந்தது. என் கல்யாணம், என் பிள்ளைகள், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய என் அப்பா, எல்லாவற்றையும் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவரைப் பற்றி ஒரு சொல் வாங்க முடியவில்லை. கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

காதர் மாமாவிடம் மட்டும், “இனி வரமாட்டாங்க மாமா, பயப்படாதீங்க,” என்று சொல்லிவைத்தேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில், நானும் அந்தப் பக்கத்து ஆளோ என்ற சந்தேகம் இருந்தது.

நூல் தயாரானது. வாய்மொழிப் பதிவுகள் பற்றிய அத்தியாயத்தைத் தலைமையகத்தில் திருத்தி அனுப்பியிருந்தார்கள். அவர் பெயருக்கு முன்னால் ‘மறைந்த’ என்று சேர்த்திருந்தார்கள். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தை ஜெலுத்தோங்குக்கு எடுத்துப்போனேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஓர் இடத்தில் ஒற்றுப் பிழையைத் திருத்தினார். ‘மறைந்த’ என்ற சொல்லின் மேல் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது.

“இருக்கட்டும்,” என்றார். “எப்படியும் சரியாகப் போற விஷயந்தானே.”

நூல் வெளிவந்தபோது ஒரு பிரதியைக் கொடுத்தேன். தன் பெயருள்ள பக்கத்தைச் சாந்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

பழைய செய்தி

சில மாதங்கள் கழித்து ஒரு புதன்கிழமை காலை சாந்தி அழைத்தார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்லி அழுதார்.

நான் ஜெலுத்தோங்குக்குப் போனேன். பார்த்தேன். நெற்றியைத் தொட்டேன். இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. இந்த முறை நான் நேரில் பார்த்தேன், தொட்டேன், எனக்குச் சந்தேகமே இல்லை.

அங்கிருந்தபடியே குழுவில் போட்டேன்: ‘மிஸ் அமிர்தம் இன்று காலை காலமானார். நாளை காலை தகனம்.’

முதல் பதில் உடனே வந்தது: ‘மாலதி, இது பழைய செய்திலா. போன வருஷமே போட்டாச்சு.’

அடுத்தது: ‘ஆமா, நாம எல்லாம் அஞ்சலி செலுத்தினோமே.’

மூன்றாவது, குழு நிர்வாகி: ‘சரிபார்க்காம ஃபார்வர்ட் பண்ண வேண்டாம், ப்ளீஸ்.’ அதற்கு நான்கைந்து கட்டைவிரல்கள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போன வருடம் இறந்தது அவர் அக்கா என்று எழுதத் தொடங்கினேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். இரண்டாவது முறை செத்தவருக்காக யாரும் ஜெலுத்தோங்குக்கு வரவில்லை.

வியாழக்கிழமை தகனம். சாந்தி, அவர் கணவர், அண்டை வீட்டார் சிலர், நான். நூலகத்திலிருந்து வந்தது நான் மட்டும்.

சனிக்கிழமை

காதர் மாமாவிடமாவது நேரில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வாக்குக் கொடுத்தது உண்மைதான். ஆனால் அவர் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தவர் உயிரோடுதான் இருந்தார் என்பதை அந்த மனிதர் தெரிந்துகொள்ளட்டும், பயமில்லாமல் தூங்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு மிஸ் அமிர்தம் கோபித்துக்கொள்ளமாட்டார்.

சனிக்கிழமை காலை சூலியா தெருவுக்குப் போனேன். மாமா வழக்கம் போலக் கடைவாசலில் இருந்தார். ஆச்சரியமாக, என்னைக் கண்டு எழுந்து நிற்கவில்லை. முகம் தெளிவாக இருந்தது. பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

“உக்காரு பிள்ளே. நல்ல வேளை வந்தே. உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்.”

“என்ன மாமா?”

“நேத்து அவங்க வந்தாங்க.”

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அது போய் முடியும் வரை காத்திருந்தேன்.

“நேத்துன்னா?”

“நேத்துதான். ஜும்மா முடிஞ்சு வந்து உக்காந்தேன். பக்கத்துல வந்து உக்காந்தாங்க. இந்த வாட்டி எனக்குப் பயமே இல்ல பிள்ளே, ஏன்னு தெரியல. தண்ணி வேணுமான்னு கேட்டேன். வேணான்னாங்க.”

அவர் தவறாக நினைத்திருக்கலாம். வயதானவர், வெயில், ஜும்மாவுக்குப் பிறகு வரும் அரைத்தூக்கம். இவை எல்லாவற்றையும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். சொல்ல வந்த செய்தியை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

பதிலுக்கு, என் வேலை பழக்கிய வாய், தானாகக் கேட்டது:

“என்ன கேள்வி கேட்டாங்க மாமா?”

“ஒண்ணும் கேக்கல,” என்றார் காதர் மாமா. “தன்னோட சின்ன வயசுலேருந்து ஆரம்பிச்சு, அசர் பாங்கு சொல்ற வரைக்கும், அவங்களேதான் பேசிக்கிட்டு இருந்தாங்க.”